ஒரே ஆள் கம்பெனி – அத்தியாயம் 9: பதினான்காம் பக்கம்

போன வாரம் சுகுமாறன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணி வீட்டிலிருந்து விருட்டென்று எழுந்து போனாரே, அதற்குப் பிறகு எனக்கு வந்த கடிதங்களில் பாதி அவருக்குப் பரிந்து பேசுகிறவைதான். "சொந்தக் கொழுந்தன். ஒரு ஃபைல் செய்து கொடுத்தால் அமுதவள்ளி குறைந்தா போய்விடுவாள்?" என்று காஜாங்கிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அக்கா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள். என் முகவரி மாறவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமுதவள்ளிக்கு நாற்பத்தெட்டு வயது. ஷா ஆலாமில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் பத்தொன்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள். ஃபேக்டரியை ஜொகூருக்கு மாற்றினார்கள். இவள் மாறவில்லை. எட்டு மாதத்துக்கு முன், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினியை வைத்து 'அமுதா கன்சல்டன்சி' என்று பதிவு செய்தாள். முதலாளி அவள், கணக்கெழுதும் கிராணி அவள், கோப்பை கழுவுகிறவளும் அவள்தான்.

மசாலா அரைக்கிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள், இடியாப்பம் பிழிகிறவர்கள் என்று நாலு பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன உணவுக் கம்பெனிகளுக்கு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வழிசெய்து கொடுப்பது அவள் தொழில். வேலை நடக்கும் இடத்தில் நாள்கணக்கில் நின்று பார்ப்பாள். எதை எப்படிக் கழுவுவது, எதை எத்தனை சூட்டில் எவ்வளவு நேரம் வைப்பது, எலி எந்தப் பக்கமாக வரும் என்பதுவரை மலாயில் ஒரு கையேடாக எழுதிக் கொடுப்பாள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கையேடு.

கிள்ளானில் முறுக்கு ஃபேக்டரி நடத்தும் சுகுமாறன் அதைத்தான் "ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுங்க அண்ணி, ஃபாரம் தானே" என்று கேட்டார். "ஃபேக்டரியைப் பார்க்காம எழுத மாட்டேன் தம்பி. ஆறு வாரம் ஆகும்" என்று இவள் சொன்னாள். இதற்குத்தான் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அமுதாவின் கணவர் ராஜன் அப்போது ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரம்.

திங்கட்கிழமை காலை, கிள்ளான் போகும் கொம்யூட்டர் ரயில் பாடாங் ஜாவாவைத் தாண்டியபோது அமுதாவின் போன் அடித்தது.

"அண்ணி! எங்க இருக்கீங்க?"

போன வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போன அதே சுகுமாறன்தான். குரலில் இப்போது அத்தனை குழைவு.

"ரயில்ல. கனி பாய் மில்லுக்குப் போயிக்கிட்டிருக்கேன். என்னா தம்பி?"

"அப்படியே அஞ்சு நிமிஷம் நம்ம ஃபேக்டரிக்கு வந்துட்டுப் போங்கலா. தோலோங் அண்ணி, கொஞ்சம் உதவுங்க. ஹெல்த் ஆபீசர் வந்து உட்கார்ந்திருக்காங்க. என்னென்னமோ கேக்கறாங்க."

"ஃபைல் யாரு செஞ்சு குடுத்தாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க."



"வாங்கண்ணி. வந்தா பேசிக்கலாம்."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் போனாள். கொழுந்தன் கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிற மனசு அவளுக்கு இல்லை. கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி கிராப் வாடகைக் கார் பிடித்து, காப்பார் சாலையில் இருக்கும் 'சுகு ஸ்னாக்ஸ்' வாசலில் போய் இறங்கினாள்.

உள்ளே எண்ணெய் காயும் வாசனை. பொட்டு வைத்த ஆறு பெண்கள் அச்சுகளைக் கையில் பிடித்தபடி வேலை செய்யாமல் நின்றிருந்தார்கள். சின்ன மேசை ஒன்றின் முன்னால், தலைத்துணி அணிந்த மலாய் அதிகாரி ஒரு கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அட்டையில் பெரிய எழுத்தில் 'சுகு ஸ்னாக்ஸ்'.

"புவான், நீங்கள்தான் கன்சல்டனா?" என்று அவர் மலாயில் கேட்டார். "நல்லவேளை வந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஒன்பதாம் பக்கத்தில், வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டே முக்கால் வரை எந்திரங்களை நிறுத்திவிட்டு, ஊழியர்கள் பின்கட்டில் உள்ள சூராவுக்குத் தொழப் போகவேண்டும் என்று போட்டிருக்கிறது. நல்ல விதிதான். சூராவ் எங்கே என்று கேட்டேன். இவர் அந்த அறையைக் காட்டினார்."

அமுதா திரும்பிப் பார்த்தாள். அரிசி மாவு மூட்டைகளுக்கு மேலே, மாலை போட்ட மாரியம்மன் படம்.

"எல்லா மதத்தையும் மதிக்கிறவங்கன்னு சொன்னேன் அண்ணி" என்றார் சுகுமாறன், தமிழில், மெதுவாக.

அமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்பதாம் பக்கத்தின் வாக்கியம் அவளுடையது. வார்த்தைக்கு வார்த்தை அவள் எழுதியது. கனி பாயின் மசாலா மில்லுக்காக, மூன்று மாதத்துக்கு முன், அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது.

கையேட்டை அதிகாரியிடமிருந்து வாங்கிப் புரட்டினாள். முதல் தாளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மற்றது எல்லாம் அப்படியே இருந்தது. அவள் போட்ட கட்டங்கள், அவள் போட்ட எண்கள், ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அவளுடைய தலைப்பெழுத்து. முறுக்கு சுடுகிற இடத்துக்கு மிளகாய் காயவைக்கும் விதிமுறை! ஒரு தடவை படித்துப் பார்க்கக்கூட இந்த மனுஷனுக்குப் பொறுமை இல்லை.

பதினான்காம் பக்கம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அது கனி பாய் மசாலாவின் வறுவல் பக்கம். எதை முதலில் வறுப்பது, எது எத்தனை நிமிடம், எந்த நிறத்தில் இறக்குவது, சூடு ஆறுவதற்குள் எதைச் சேர்ப்பது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்று காட்டாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது என்பதால்தான் எழுத வேண்டி வந்தது. கிள்ளான் முழுக்க அந்த மீன்கறித் தூளுக்கு இருக்கும் பெயர் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கனி பாய் தன் சொந்த மருமகனையே வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "இது இந்த மில்லைத் தாண்டாது பாய், நான் பொறுப்பு" என்று அமுதா வாக்குக் கொடுத்திருந்தாள்.

 அவள் கையேட்டை மூடினாள்.

"இது உங்கள் எழுத்தா?" என்றார் அதிகாரி.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சுகுமாறன் அவசரமாக ஓதினார். "ஆமான்னு சொல்லுங்கண்ணி. உங்க ஸ்டாண்டர்ட் ஃபார்மேட், எல்லாருக்கும் இதான் குடுப்பேன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கத்தை மாத்திட்டா முடிஞ்சுடும். நம்ம குடும்பம் அண்ணி!"

அமுதா அவரைப் பார்க்காமல் அதிகாரியிடம் மலாயில் சொன்னாள். "எழுத்து என்னுடையது. இந்த இடத்துக்கு எழுதியது இல்லை. இந்த ஃபேக்டரியை நான் ஒருநாள்கூட ஆய்வு செய்ததில்லை."

அதிகாரி அவளையும் சுகுமாறனையும் மாறிமாறிப் பார்த்தார். தன் தாளில் எதையோ எழுதினார். இந்த விண்ணப்பம் இத்துடன் ரத்து, முறையாகச் செய்து புதிதாகப் போடுங்கள் என்று சுகுமாறனிடம் சொன்னார். கையேட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அதை அமுதாவிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கக்கூட இல்லை.

"கவுத்துட்டீங்களே அண்ணி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்?"

"இது எப்படித் தம்பி உங்க கைக்கு வந்துச்சு?"

"அண்ணன்தான் அனுப்புனாரு. வாட்சாப்ல."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க? உங்க வீட்டுக்காரருதான். 'உங்க அண்ணிகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்காத, இதைப் பார்த்துச் செஞ்சுக்க'ன்னாரு. நீங்க சொல்லித்தான் அனுப்புறாருன்னு நெனச்சேன்."

பொய். அவள் சொல்லித்தான் வந்தது என்றால் ஏன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அமுதா கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க தம்பி."

அவள் அப்படி அதட்டி அவர் கேட்டதே இல்லை. கொடுத்துவிட்டார். ராஜன் அனுப்பிய ஃபைல் இருந்தது. அதே நாளில், அதே ஃபைல், இன்னோர் ஆளுக்கும் போயிருந்தது. 'பக்கிரி பந்திங்' என்று பெயர். பக்கத்தில் இரண்டு நீலக் குறி.

"யாரு இது?"

"கூட்டாளி அண்ணி. பக்கிரிசாமி. பந்திங்ல மசாலா பாக்கெட் போடறான். அவனும் சான்றிதழ் எடுக்கணும்னான். சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்."

சும்மா! இந்த ஒரு வார்த்தையை நம் ஆட்கள் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தால் பாதி வீடுகள் உருப்படும் என்பேன். சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லு. சும்மா ரெண்டு வரி எழுதிக் குடு. சும்மாதானே வீட்டில் இருக்கிறாய். பத்தொன்பது வருடம் படித்துக்கொண்ட வேலை, நாள்கணக்கில் மில்லில் நின்று வறுவல் புகையில் கண் எரிந்து எழுதியது, அதைத் தூக்கி இன்னொரு மசாலாக்காரனுக்கே அனுப்பிவிட்டு, சும்மாவாம்!

"மசாலாக்காரருக்கு மசாலாக்காரரோட வறுவலை அனுப்பியிருக்கீங்க" என்றாள் அமுதா. "உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"அதுல அதெல்லாம் இருந்துச்சுன்னு எனக்கு எப்படிண்ணி தெரியும்? நான் என்னா படிச்சா பார்த்தேன்?"

படிக்காததைப் பெருமையாகச் சொன்னார். அமுதா போனை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அச்சுக்காரப் பெண்கள் திடுக்கிட்டார்கள்.

வெளியே, காப்பார் சாலையில் லோரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சுவரோரம் நின்று ராஜனைக் கூப்பிட்டாள். ராஜன் கோலாலம்பூரில் ஒரு காப்பீட்டு ஆபீஸில் இருபத்தாறு வருடமாகக் கிராணி.

"தம்பி இப்பதான் போன் பண்ணான்" என்று அவரே ஆரம்பித்தார். "ஆபீசர் முன்னாடி அவனை விட்டுக் குடுத்துட்டியாமே?"

"என் கம்ப்யூட்டரைத் திறந்து கனி பாய் ஃபைலை எடுத்து அனுப்புனீங்களா?"

"ஆமா. அனுப்புனேன். அதுக்கு என்னா இப்ப? நீ குளிச்சிக்கிட்டு இருந்தே. கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவே."

"முடியாதுன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே எடுத்தீங்க."

"அவன் என் தம்பி அமுதா! நாப்பது தாள். அதுல என்னா தங்கமா இருக்கு? நீ எழுதுனதுதானே? நம்ம வீட்டுதுதானே?"

"நம்ம வீட்டுது இல்லைங்க. அது பாயோடது. அதை உங்க தம்பி பந்திங்ல ஒரு மசாலாக்காரருக்கு அனுப்பியிருக்காரு."

 ராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. ஆபீசர் ஃபைலைத் திருப்பிக் குடுத்துட்டாங்கல்ல? பந்திங்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ பாய்கிட்ட வாயைத் திறக்காத. அவருக்கு எப்படித் தெரியப்போவுது? மூணு கிளையன்ட்தான் வெச்சிருக்கே. அதுல பெரியவரு அவரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் நல்லதுக்காம். அமுதா அழைப்பைத் துண்டித்தாள்.

கனி பாயின் மில், கிள்ளான் லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் இருக்கிறது. அமுதா உள்ளே நுழைந்தபோது அப்துல் கனி, அறுபத்திரண்டு வயசு மனிதர், தரையில் குந்தி உட்கார்ந்து எலிப்பொறியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா அமுதா. நீ சொன்ன மாதிரியே சுவரை ஒட்டி வெச்சிருக்கேன் பாரு. ஆறும் வெச்சாச்சு." முகமெல்லாம் சிரிப்பு. "மக சொல்லுது, நான் ஆபீசர் மாதிரி ஆயிட்டேனாம்."

மகள் தஸ்லீமா மில்லின் கணக்கையும் லேபிளையும் பார்த்துக்கொள்கிறவள். கன்சல்டன் ஒருவரை வைக்கலாம் என்று அப்பாவிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அமுதாவைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

"பாய், உள்ளே போயிப் பேசலாமா? தஸ்லீமா, நீயும் வாம்மா."

அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு அமுதா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஃபைல் வெளியே போய்விட்டது, பதினான்காம் பக்கத்தோடு. முறுக்கு ஃபேக்டரிக்குப் போனது. அங்கிருந்து பந்திங்கில் பக்கிரிசாமி என்கிற மசாலாக்காரரிடம் போயிருக்கிறது. அவர் திறந்து பார்த்திருக்கிறார். சொல்லி முடித்து, அட்டை மாற்றிய கையேட்டை மேசைமேல் வைத்தாள்.

கனி பாய் அதைத் தொடவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

"பக்கிரிசாமி" என்றார். "ரெண்டு வருஷமா என் தூளை வாங்கி வாங்கி மோந்து பார்த்துக்கிட்டு இருக்கான் அந்த ஆளு. அவனுக்கா?"

"ஆமா பாய்."

"மருமவனை வெளியே அனுப்பிட்டுல்ல உன்கிட்ட சொன்னேன்!" கத்திவிட்டார். அரைவை நடந்துகொண்டிருந்த பக்கத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "அந்தப் புள்ள அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. 'வெளியாளை நம்புறீங்க, என்னை நம்பல'ன்னு. பெருநாளைக்குக்கூட ஒப்புக்குக் கை குடுத்துட்டுப் போனான். உனக்காக அதைத் தாங்கிக்கிட்டேன்மா! யாரு எடுத்தா?"

 கம்ப்யூட்டர் திருடு போய்விட்டது என்று சொல்லலாம். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். இந்தக் காலத்தில் யாரும் நம்புவார்கள்.

"எங்க வீட்டுக்காரர்."

"கம்ப்யூட்டருக்குப் பூட்டு கிடையாதா?"

"இருக்கு பாய். அவருக்குத் தெரியும்."

"உன் கம்பெனியில எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப அவரு எப்படி உள்ளே வந்தாரு?"

 கணவரை ஏச வேண்டும், கொழுந்தனை ஏச வேண்டும் என்று காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கேள்வியில் கோபமெல்லாம் தன்மேலேயே திரும்பியது. கிளையன்டிடம் எலி எந்தப் பக்கமாக வரும் என்று வகுப்பு எடுத்துவிட்டு, தன் வீட்டு மேசையில் எல்லாவற்றையும் திறந்து போட்டிருந்தாள். கல்யாண நாளைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள், முட்டாள்.

"என் தப்புதான் பாய். நான் பொறுப்புன்னு சொன்னேன். காப்பாத்தல."

 தஸ்லீமா எழுந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. யாரு எடுத்தாங்க, யாருக்கு அனுப்புனாங்க, என்னைக்கு, அங்கேர்ந்து யாருக்குப் போச்சு. நாளைக்கு லாயர்கிட்ட போவணும்னா வாய்ப்பேச்சு செல்லாது."

கனி பாய் மகளைப் பார்த்தார். அமுதாவைப் பார்த்தார். கோபத்திலும் அவருக்கு ஒரு தயக்கம் வந்துவிட்டது.

"எழுதுவியாம்மா? உன் புருசனாச்சே."

"எழுதறேன்" என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தமிழ்லயே எழுது. நான் படிக்கணும்."

இரண்டு பக்கம் வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தன் கம்பெனி முத்திரையையும் பையிலிருந்து எடுத்துக் குத்தினாள். கனி பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நீ வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் உட்கார வெச்சுப் பேசறேன். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல பாய்."

"நீ இனிமே இந்த மில்லுக்குள்ள வரணுமா வேணாமா, இந்தத் தாளு எங்க போவணும், ரெண்டையும் புதன்கிழமை சொல்றேன். இப்பப் போயிட்டு வா."

எலிப்பொறிகளைத் தாண்டி வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயில் ஷா ஆலாமில் நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

'வணக்கம் மேடம். நான் பக்கிரிசாமி, பந்திங். சுகுமாறன் நம்பர் கொடுத்தார். உங்க ஃபைல் சூப்பர். 14-ஆம் பக்கத்துல ஒரு சின்ன சந்தேகம். வெந்தயத்தை மல்லிக்கு முன்னாடி வறுக்கணுமா, பின்னாடியா? நேரம் இருந்தா சொல்லுங்க.'

எதிர் இருக்கையில் இருந்தவர் பயந்துபோய்ப் பார்க்கும் அளவுக்கு அமுதா வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை இந்தப் பத்திரிகையில் போட முடியாது.

செய்தியைப் படம் பிடித்துத் தஸ்லீமாவுக்கு அனுப்பினாள். பிறகு பக்கிரிசாமிக்கு எழுதினாள். 'அந்த ஃபைல் உங்களுக்கானது இல்லை. இன்னொருவருடைய தொழில் ரகசியம். உடனே அழித்துவிட்டு, அழித்ததை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சரி என்கிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. ராஜன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி வீட்ல ஒரே அழுகை. அவன் பொண்டாட்டி போன் பண்ணி என்னைக் கேக்கறா, அண்ணிக்கு நாங்க என்னா பாவம் பண்ணோம்னு. சந்தோஷமா உனக்கு?"

 அமுதா பையை வைத்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள்.

"என்னா பண்றே?"

"பாஸ்வேர்ட் மாத்தறேன்."

"என் எதிர்லயா? நான் என்னா திருடனா?"

"ஆமா."

ராஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "இருபத்தஞ்சு வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு இந்த வார்த்தை பேசறியா? வீட்ல சும்மா உட்கார்ந்து நாலு ஃபாரம் நெரப்பிட்டு, கம்பெனி கம்பெனின்னு என்னமோ..."

"ஃபாரம் இல்ல!" அமுதா மேசையை ஓங்கித் தட்டினாள். "எட்டு மாசமா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் 'ஃபாரம் நெரப்புறா'ன்னு சொல்லிச் சொல்லி, உங்க தம்பிக்கும் அதையே சொல்லிக் குடுத்து, அதனாலதான் அவரு படிக்காமலே அதைத் தூக்கி ஆபீசர்கிட்ட நீட்டினாரு. என்கிட்ட விக்கிறதுக்கு மெஷின் கிடையாது, கடை கிடையாது. ஒருத்தர் வந்து நம்பிச் சொன்னா அது வெளியே போவாதுங்கிறது ஒண்ணுதான் இருந்துச்சு. அதை எடுத்துச் சும்மா குடுத்துட்டீங்க."

"நான் என்னா வெளியாளுக்கா குடுத்தேன்?"

"உங்க காப்பீட்டு ஆபீஸ்ல எத்தனையோ பேரோட மெடிக்கல் ரிப்போர்ட் இருக்குல்ல. என் தங்கச்சி கேட்டா ஒண்ணு எடுத்து வாட்சாப்ல அனுப்புவீங்களா?"

"அது வேற. அது ஆபீஸ்."

"இது என்னா?"

ராஜன் வாயைத் திறந்தார். அவர் பார்வை மேசைமேல் போனது. மடிக்கணினி, பக்கத்தில் உப்பு டப்பா, காலையில் அவர் சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டு. மறுபடி உட்கார்ந்தார்.

குரல் இறங்கிக் கேட்டார். "பாய்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னேன்."

"என்னான்னு சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேன். எழுதியும் குடுத்துட்டு வந்தேன். அவரு அதை லாயர்கிட்ட கொண்டுபோவாரா, போலீசுக்குக் கொண்டுபோவாரான்னு புதன்கிழமைதான் தெரியும்."

ராஜன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் கோபம் குறையவில்லை.

"எழுதிக் குடுத்தேன்னா... பொதுவாத்தானே எழுதுனே? வீட்ல யாரோன்னு? என் பேரை எழுதலல்ல?"

"எழுதினேன்" என்றாள் அமுதா. "முழுப் பேரு. அப்பா பேரு. ஐ.சி. அடையாள அட்டை நம்பரோட."